மார்புக் காம்பு உள்ளே போயிருந்தால் என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) அறுவை சிகிச்சை செய்யுமா? எப்படிக் கேட்பது?

இங்கிலாந்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஒன்று உங்களுக்கு இது சின்ன வயதிலிருந்தே இருக்கும், அம்மாவிடமும் சொல்லாமல் கணவரிடமும் சொல்லாமல் வைத்திருப்பீர்கள்; இல்லையென்றால் போன மாதம் வரை சரியாக இருந்த காம்பு இப்போது உள்ளே இழுத்திருப்பதைக் குளிக்கும்போது பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒன்றல்ல. இரண்டுக்கும் போகும் வழியும் வேறு, அவசரமும் வேறு.

இரண்டாவது வகை என்றால் மிச்சத்தை அப்புறம் படிக்கலாம், முதலில் ஜி.பி.க்கு (குடும்ப டாக்டருக்கு) போன் செய்யுங்கள். ரிசப்ஷனில் இருப்பவரிடம் வெட்கப்பட்டுக்கொண்டு “உடம்பு சரியில்லை” என்று பொதுவாகச் சொன்னால் மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் தருவார்கள். “மார்பில் புதிதாக மாற்றம் தெரிகிறது, ஒரு பக்கக் காம்பு உள்ளே போய்விட்டது” என்று நேராகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ‘இன்வெர்டட் நிப்பிள்’ என்ற இரண்டு சொல்லும், ‘நியூ’ என்ற ஒரு சொல்லும் போதும். கட்டி, கசிவு, இரத்தம், தோல் சுருங்கிக் குழி விழுவது, காம்பைச் சுற்றி ஆறாத சிரங்கு மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் ஆவணத்தில் 50 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு ஒரு பக்கக் காம்பில் மட்டும் உள்ளிழுப்போ கசிவோ வேறு கவலை தரும் மாற்றமோ இருந்தால் புற்றுநோய்ச் சந்தேகப் பாதையில் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. அப்படி அனுப்பினால் 28 நாளுக்குள் ‘புற்றுநோய் இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லிவிட வேண்டும் என்பதுதான் இப்போது இங்கிலாந்தில் வைத்திருக்கும் இலக்கு. 50 வயதுக்குக் கீழே இருந்தால் ஜி.பி. பார்த்து முடிவு செய்வார், அவருக்குச் சந்தேகம் வந்தால் அவரும் அவசரமாக அனுப்பலாம், வயது தடையில்லை. ஆண்களுக்கும் இதே பேச்சுத்தான். ஆணுக்குப் புதிதாகக் காம்பு உள்ளே போனால் அதையும் காட்டியே ஆக வேண்டும். 50 முதல் 71 வயதுக்குள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனைக்குக் கடிதம் வருமே, அது வரும்வரை காத்திருக்கலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அந்தக் கடிதம் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு.

மருத்துவமனையில் மார்பகக் கிளினிக்கில் கையால் பார்ப்பார்கள், மேமோகிராமோ (மார்பக எக்ஸ்ரே) அல்ட்ராசவுண்டோ எடுப்பார்கள் (40 வயதுக்குக் கீழே பெரும்பாலும் அல்ட்ராசவுண்டுதான்), தேவைப்பட்டால் ஊசியால் சதைத்துளி எடுத்துச் சோதிப்பார்கள். காரணம் புற்றுநோயாகவே இருக்க வேண்டும் என்றில்லை. வயதாக ஆகப் பால் குழாய்கள் விரிந்து சுருங்குவதால் காம்பு கீறல் மாதிரி உள்ளே போகும். குழாயைச் சுற்றி அழற்சி வந்தாலும் போகும், அது புகைபிடிப்பவர்களுக்கு அதிகம். ஆனால் எது காரணம் என்பதை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தீர்மானிக்க முடியாது.

ஒன்றைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பத்தில்தான் ஆபத்து இருக்கிறது. “காம்பு அறுவையை என்.எச்.எஸ். செய்யாது” என்று யாரோ சொல்லக் கேட்டு, “அப்போ ஜி.பி.யிடம் போய் என்ன பிரயோஜனம்” என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மறுப்பது அழகுக்காகச் செய்யும் அறுவையை. பரிசோதனையை யாரும் மறுப்பதில்லை.

சின்ன வயதிலிருந்தே இருந்தால்

எனக்கு இரண்டு பக்கமும் பதின்ம வயதிலிருந்தே இப்படித்தான். பெண்களில் நூற்றுக்கு இரண்டு பேர் முதல் பத்துப் பேர் வரை இப்படி இருப்பதாக வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன, அதாவது நாம் நினைப்பதைவிட ரொம்பச் சாதாரணம். காம்புக்குக் கீழே இருக்கும் பால் குழாய்கள் குட்டையாக இருப்பதும், நார்த்திசு இறுகிப் பிடித்து உள்ளே இழுப்பதும்தான் காரணம். நோய் இல்லை.

எவ்வளவு தூரம் உள்ளே இருக்கிறது என்பதை மூன்று நிலையாகப் பிரிப்பார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். எளிதாக வெளியே வந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றால் முதல் நிலை. வெளியே வந்து, விட்டதும் திரும்ப உள்ளே போய்விட்டால் இரண்டாம் நிலை. எப்படி அழுத்தினாலும் வரவே மாட்டேன் என்றால் மூன்றாம் நிலை. ஜி.பி.யிடம் போகும்போது இது தெரிந்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கொள்கை என்ன சொல்கிறது

இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே விதி என்று இதற்குக் கிடையாது. எந்தச் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பது என்பதை அந்தந்தப் பகுதியின் ஐ.சி.பி. (இண்டெக்ரேட்டட் கேர் போர்ட்) என்ற என்.எச்.எஸ். வாரியம் தீர்மானிக்கிறது. 2022 ஜூலை 1 அன்று இவை தொடங்கியபோது மொத்தம் 42. அதற்கு முன்னால் 2013 முதல் இதே வேலையைச் சி.சி.ஜி. என்ற உள்ளூர் அமைப்புகள் செய்தன, அதற்கும் முன்னால் பி.சி.டி. என்ற அமைப்புகள். அதனால்தான் ஒருத்தி “எனக்கு என்.எச்.எஸ்.ஸிலேயே செய்தார்கள்” என்பாள், இன்னொருத்தி “முடியாது என்று கடிதம் வந்தது” என்பாள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இடம் வேறு, வருஷம் வேறு.

உங்கள் ஜி.பி. எந்த ஐ.சி.பி.யின் கீழ் வருகிறது என்று முதலில் பாருங்கள், வீடு எங்கே என்பதைவிட ஜி.பி. பதிவு எங்கே என்பதுதான் பொதுவாகக் கணக்கு. அப்புறம் அந்த ஐ.சி.பி.யின் பெயரோடு ‘நிப்பிள் இன்வர்ஷன் பாலிசி’ என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். தனி ஆவணமாக வராவிட்டால் அழகு சார்ந்த சிகிச்சைகள் அல்லது மார்பக அறுவைகள் என்ற பெரிய ஆவணத்துக்குள் ஒரு பத்தியாக இருக்கும். அதில் ‘நாட் ரொட்டீன்லி கமிஷண்ட்’ என்று இருந்தால் வழக்கமாகப் பணம் தர மாட்டோம் என்று பொருள், தனி விதிவிலக்கு கேட்க வேண்டும். ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்றோ ‘பிரையர் அப்ரூவல்’ என்றோ இருந்தால் சில நிபந்தனைகள் உண்டு, அவை பொருந்துகின்றன என்று மருத்துவர் எழுதி முன் அனுமதி வாங்கினால் கிடைக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது, அதனால் அந்த வார்த்தையைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். ஆவணத்தின் முதல் பக்கத்தில் தேதியும் இருக்கும், பழையதாக இருந்தால் இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று ஐ.சி.பி.க்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

நிபந்தனை வைத்திருக்கும் இடங்களில் அது பெரும்பாலும் இந்த வடிவில் இருக்கும்: புற்றுநோய் இல்லை என்று உறுதியாகியிருக்க வேண்டும், பருவ வளர்ச்சி முடிந்திருக்க வேண்டும், அழகுக்காக இல்லாமல் செயல்பாட்டுக் காரணம் இருக்க வேண்டும், காம்பை வெளியே இழுக்கும் உறிஞ்சு கருவியைச் (கீழே சொல்கிறேன்) சரியாகப் பயன்படுத்தியும் பலன் இல்லாமல் போயிருக்க வேண்டும்.

செயல்பாட்டுக் காரணம் என்றால் நடைமுறையில் பால் கொடுப்பதுதான். இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. காம்பை வெளியே கொண்டுவர வேண்டுமென்றால் இழுத்துப் பிடித்திருக்கும் நாரை வெட்ட வேண்டும், மூன்றாம் நிலையில் பால் குழாய்களையே வெட்ட வேண்டியிருக்கும், வெட்டினால் அந்தப் பக்கம் பால் வராமலே போகலாம். எந்தக் காரணத்தைச் சொல்லி அறுவை கேட்கிறோமோ அந்தக் காரியமே அறுவையால் கெடலாம். குழாயைக் காப்பாற்றும் முறைகள் இருக்கின்றன, ஆனால் இலேசான நிலைகளில்தான் அவற்றுக்கு வாய்ப்பு அதிகம், அதிலும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. எனக்கு மறுப்பு வந்தபோது ரொம்பக் கோபம்தான் வந்தது. பின்னால் இதைப் புரிந்துகொண்டபோது, அவர்கள் எழுதிய தொனி பிடிக்காவிட்டாலும், குழந்தை பெற நினைக்கும் பெண்ணுக்கு அவசரப்பட்டு அறுவை செய்யாமல் இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். மனசுக்குள் அது தரும் வேதனையை ‘அழகு’ என்ற ஒரே சொல்லில் மூடிவிடுவதை மட்டும் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

முதலில் உறிஞ்சு கருவி

நிப்லெட் என்ற பெயரில் தெரிந்திருக்கும். டக்ளஸ் மெக்ஜார்ஜ் என்ற பிரிட்டிஷ் பிளாஸ்டிக் சர்ஜன் உருவாக்கி 1994-ல் மருத்துவ இதழில் வெளியிட்டார். கண்ணாடி மாதிரி ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடி, அதோடு இணைத்து இழுக்க ஒரு சிரிஞ்ச், அவ்வளவுதான். மூடியைக் காம்பின் மேல் வைத்துச் சிரிஞ்சால் காற்றை இழுத்தால் காம்பு மூடிக்குள் வரும், அப்படியே பிராவுக்குள் வைத்துக்கொள்ளலாம். முதலில் கொஞ்ச நேரம், பழகப் பழக நேரத்தைக் கூட்ட வேண்டும், வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். வலிக்கும் அளவுக்கு இழுக்கக் கூடாது, இரத்தமோ புண்ணோ வந்தால் நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள். முதல் இரண்டு நிலைகளில் இது உதவுவதற்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. மூன்றாம் நிலையில் அவ்வளவு நம்பிக்கை வைக்க வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் மிட்வைஃபை (பிரசவம் பார்க்கும் நர்ஸை) கேட்காமல் தொடங்காதீர்கள், கடைசி மூன்று மாதத்தில் வேண்டவே வேண்டாம்.

எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், தினம் எத்தனை மணி நேரம், என்ன ஆனது, எப்போது நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று போனிலேயே குறித்து வாருங்கள். “முயற்சி செய்தேன், சரியாகவில்லை” என்று வாயால் சொல்வதற்கும் மூன்று மாதக் குறிப்பைக் காட்டுவதற்கும் விண்ணப்பத்தில் நிறைய வித்தியாசம் உண்டு. நான் இதைச் செய்யவில்லை, அதனால் என் விண்ணப்பத்தில் அந்த இடம் ஒரே வரியாகப் போனது.

குழந்தைக்குப் பால் கொடுப்பதுதான் கவலை என்றால்

குழந்தை குடிப்பது காம்பை மட்டும் கவ்வி இல்லை, கருவட்டத்தோடு சேர்த்து மார்பின் ஒரு பகுதியையே வாய்க்குள் இழுத்துத்தான். அதனால் காம்பு உள்ளே இருந்தாலும் நிறையப் பேருக்குப் பால் கொடுக்க முடிகிறது. கர்ப்ப காலத்தில் பிராவுக்குள் வைக்கும் பிளாஸ்டிக் கிண்ணங்களையும், விரலால் இழுத்து விடும் ஹாஃப்மன் பயிற்சியையும் பிரிட்டனில் 1990-களில் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள், பலன் இல்லை என்றுதான் வந்தது. ஆகவே அதைச் செய்யவில்லையே என்று குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பிறந்த பிறகு செய்ய வேண்டியவைதான் முக்கியம். குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள், வெவ்வேறு விதமாகப் பிடித்துப் பாருங்கள், கொடுப்பதற்குச் சற்று முன்னால் பம்பால் கொஞ்சம் இழுத்துக் காம்பை வெளியே கொண்டுவாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தாய்ப்பால் பயிற்சியில் சிரிஞ்ச் முறையும் இருக்கிறது: ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, பிஸ்டனை வெட்டிய பக்கமாகச் செருகி, வழவழப்பான பக்கத்தைக் காம்பின் மேல் வைத்து, அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரை மெதுவாக இழுத்துப் பிடிப்பது. வெட்டிய முனை மார்பில் படக் கூடாது, எடுக்கும்போது பிஸ்டனை உள்ளே தள்ளிக் காற்றை விட்டுத்தான் எடுக்க வேண்டும். இதை மிட்வைஃப் ஒருமுறை காட்டிக் கொடுத்தபிறகு செய்யுங்கள். பிரசவ வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே பால் கொடுக்க உதவும் ‘இன்ஃபண்ட் ஃபீடிங் டீம்’ வந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள், கேட்டால்தான் பல நேரம் வருவார்கள். எல்லாம் செய்தும் முடியாமல் போனால் பம்ப் செய்தோ பால் மாவிலோ கொடுங்கள், குழந்தை நன்றாகவே வளரும்.

ஜி.பி. சந்திப்பு

பெண் டாக்டர் வேண்டும் என்று நேரம் வாங்கும்போதே சொல்லலாம், பரிசோதிக்கும்போது கூட ஒருவர் இருக்க வேண்டும் என்று ‘ஷாப்பரோன்’ கேட்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம், அதற்குக் காசு இல்லை. மகனையோ மகளையோ மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள், இந்த விஷயத்தை அவர்கள் முன்னால் நீங்கள் பாதிதான் சொல்வீர்கள். எப்போதிலிருந்து, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, எந்த நிலை, அடிக்கடி சீழ் பிடிக்கிறதா, உள்ளே சுத்தம் செய்ய முடியாமல் புண் வருகிறதா, கருவி போட்ட கதை, இவ்வளவையும் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி வருகிறது, கருவட்டத்தின் ஓரத்தில் துளை விழுந்து கசிகிறது என்றால் அதை அழுத்திச் சொல்லுங்கள். அது அழகுப் பிரச்சினை இல்லை, நோய். மார்பகக் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க அது போதுமான காரணம், அங்கே சர்ஜன் செய்யும் அறுவை வேறு கணக்கில் வரும். புற்றுநோய் அறுவைக்குப் பிறகு காம்பைச் சீரமைப்பதும் அப்படியே வேறு கணக்கு, அதற்கு இந்தக் கொள்கையைக் காட்டி யாராவது மறுத்தால் மார்பகப் பராமரிப்பு நர்ஸிடம் சொல்லுங்கள்.

ஐ.எஃப்.ஆர். என்ற தனி விண்ணப்பம்

வழக்கமாகப் பணம் தராத சிகிச்சைக்கு ‘இண்டிவிஜுவல் ஃபண்டிங் ரிக்வெஸ்ட்’ போடலாம். பொதுவாக நோயாளி நேரடியாகப் போட முடியாது, ஜி.பி.யோ கன்சல்டண்டோ (மருத்துவமனைச் சிறப்பு மருத்துவர்) போட வேண்டும். இதில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதே நிலை உள்ள மற்றவர்களிடமிருந்து இவர் மருத்துவ ரீதியாக எப்படி வேறுபடுகிறார், மற்றவர்களைவிட இவருக்குக் கூடுதல் பலன் கிடைக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? “எனக்கு ரொம்ப வேதனையாக இருக்கிறது, கல்யாண வாழ்க்கை பாதிக்கிறது” என்பது உண்மையாக இருந்தாலும், மற்றப் பெண்களுக்கும் அது பொருந்தும் என்று தள்ளிவிடுவார்கள். என்னுடையது அப்படித்தான் போனது. ஆகவே டாக்டர் எழுதும்போது உங்களுக்கு மட்டும் உள்ள மருத்துவக் காரணங்கள் முன்னால் வர வேண்டும்: தொற்று எத்தனை தடவை, என்னென்ன ஆன்டிபயாட்டிக், எந்தத் தேதி, கருவி ஏன் பயன்படவில்லை, சர்ஜன் என்ன எழுதினார். அனுப்பும் முன் பிரதி கேட்டு வாங்கிப் படியுங்கள், தப்பு இருந்தால் அப்போதே திருத்தலாம்.

வேறுபட்ட மருத்துவக் காரணம் எதுவும் இல்லையென்றால் கிடைக்கும் வாய்ப்பு ரொம்பக் குறைவு, அதைத் தெரிந்துகொண்டே போடுங்கள். வேதனையை மட்டும் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அதற்கென்று உதவி தனியாக இருக்கிறது. இங்கிலாந்தில் ‘டாக்கிங் தெரபிஸ்’ என்ற மனநல உதவிச் சேவைக்கு ஜி.பி. கடிதம் இல்லாமல் நீங்களே பதிவு செய்யலாம்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உள்ளூர் என்.எச்.எஸ். ஒரு சிகிச்சைக்குப் பணம் தர மறுத்தால் அந்த முடிவை விளக்க வேண்டும் என்று என்.எச்.எஸ். சாசனத்திலேயே இருக்கிறது. மறுபரிசீலனை கேட்கலாம், ஆனால் அங்கே முறைப்படி முடிவெடுத்தார்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். புதிய மருத்துவத் தகவல் இருந்தால் புது விண்ணப்பமே நல்லது. நடத்திய விதம் சரியில்லை என்றால் 12 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், அதற்கும் பதில் திருப்தி இல்லையென்றால், புகாரைத் தனியாக விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேன் இருக்கிறார். வேல்ஸில் இந்த விண்ணப்பத்துக்கு ஐ.பி.எஃப்.ஆர். என்று பெயர், ஸ்காட்லாந்தில் அழகு சார்ந்த அறுவைகளுக்குத் தனி விதிவிலக்கு நடைமுறை வைத்திருக்கிறார்கள்.

கைக்காசு போட்டுச் செய்தால்

பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடக்கூடிய சின்ன அறுவைதான், ஆனால் ஆளைப் பார்த்துப் போங்கள். சர்ஜனின் பெயர் டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜி.எம்.சி.யின் சிறப்பு மருத்துவர் பட்டியலில் இருக்கிறதா, இடம் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் சி.க்யூ.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் பார்க்கலாம். முதல் சந்திப்பில் விற்பனைப் பிரதிநிதி இல்லாமல் அறுவை செய்யப்போகும் சர்ஜனே பேச வேண்டும், ஒப்புக்கொள்வதற்கும் அறுவைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வாரம் யோசிக்க விட வேண்டும் என்று ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் 2016-ல் வகுத்திருக்கிறது. “இன்றே பதிவு செய்தால் தள்ளுபடி” என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கேட்க வேண்டியவை: என் குழாய்களை வெட்டுவீர்களா, பால் கொடுக்க முடியுமா, உணர்ச்சி போகுமா, திரும்ப உள்ளே போனால் மறு அறுவைக்கு யார் பணம் கட்டுவது. கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் திரும்ப உள்ளே போவது அபூர்வம் இல்லை. அறுவைக்குப் பின் காய்ச்சலோ சீழோ வந்தால் என்.எச்.எஸ். பார்க்கும், ஆனால் வடிவத்தை மறுபடி சரிசெய்து தராது. புகைபிடிப்பவராக இருந்தால் முன்னமே நிறுத்துங்கள், காயம் ஆறுவதைப் புகை கெடுக்கும்.

அறுவை செய்து சில வருஷம் நன்றாக இருந்துவிட்டு ஒரு பக்கம் மட்டும் மறுபடி உள்ளே இழுத்தால், “பழைய அறுவை விட்டுப்போச்சு” என்று நீங்களே முடிவு செய்யாமல் ஜி.பி.யிடம் புது மாற்றம் என்றே சொல்லிக் காட்டுங்கள்.